டீசல் யந்திரமும் கடுங்குளிரும்

கனடாவின் வின்னிபெக் நகரத்திலோ, அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த பேர்பாங்க்ஸ் நகரத்திலோ ஜனவரி மாதத்தில் சென்று இறங்குகிற நம்மவர் ஒருவர், அங்கே வீட்டு வாசல்களிலும் அலுவலக வளாகங்களிலும் நிற்கும் கார்களின் முகப்பிலிருந்து ஒரு மின்கம்பி வெளியே தொங்குவதையும், அதன் நுனியிலுள்ள பிளக் சுவரிலோ கம்பத்திலோ பொருத்தப்பட்ட மின்னிணைப்பில் செருகப்பட்டிருப்பதையும் கண்டு, இவையெல்லாம் மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் போலும் என்று எண்ணிவிடக் கூடும். ஆனால் இன்றைய மின்சாரக் கார்கள் சந்தைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அவ்வூர்களில் இவ்வழக்கம் இருந்து வருகிறது. எண்ணெயை எரித்துத் தானே நூறு குதிரைகளின் பலத்தைப் பிறப்பிக்க வல்ல ஒரு யந்திரம், இரவு முழுவதும் ஒரு சிறு கம்பியின் வழியே மின்சாரத்தை ஏன் யாசித்து நிற்க வேண்டும் என்பதும், பெட்ரோல் கார்களைக் காட்டிலும் பழைய டீசல் கார்களுக்கே அந்த யாசகம் ஏன் இன்றியமையாததாகிறது என்பதும் சிந்திக்கத்தக்க கேள்விகள்.

அங்கே நிலவும் குளிரின் அளவை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். வின்னிபெக்கில் நடுக்குளிர்காலத்து விடியற்காலையில் சைபருக்குக் கீழ் 20 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். 30 டிகிரி அபூர்வமன்று. பேர்பாங்க்ஸில் 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் சைபருக்குக் கீழ் 54 டிகிரி பதிவாகியிருக்கிறது. பாதரசமே சைபருக்குக் கீழ் 39 டிகிரியில் உறைந்து திடப்பொருளாகிவிடுவதால், அத்தகைய நாட்களில் பாதரச வெப்பமானி தன் தொழிலைச் செய்ய இயலாது.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்ற வைப்பது ஒரு மின்பொறி. டீசல் எஞ்சினில் அத்தகைய பொறி கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் மேல்நோக்கிச் சென்று மிகக் குறுகிய இடத்தில் அமுக்குகிறது. அமுக்கப்பட்ட காற்று தானாகவே கொதிக்கக் கொதிக்கச் சூடேறுகிறது. அச்சூட்டின் உச்சத்தில் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படவே, அது பொறியின் துணையின்றிப் பற்றிக்கொள்கிறது. காற்றை விரைந்து அமுக்கினால் நெருப்பு உண்டாகும் என்ற உண்மை தென்கிழக்காசிய மக்களுக்கு நெடுங்காலமாகவே தெரிந்திருந்தது. ஒரு முனை அடைபட்ட சிறு குழலுக்குள் உலர்ந்த பஞ்சை வைத்து, இறுக்கமான தண்டு ஒன்றினால் ஓங்கித் தட்டி, கனிந்த பஞ்சை எடுத்து அவர்கள் அடுப்பு மூட்டினார்கள். அதே தத்துவத்தின் மேல் ஒரு யந்திரத்தை எழுப்பியவர் ருடால்ப் டீசல். 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் பரீட்சிக்கப்பட்டபோது, எரிபொருளிலுள்ள சக்தியில் நூற்றுக்கு 26 பங்கை அது உழைப்பாக மாற்றியது. நீராவி யந்திரங்கள் அதில் பாதியைக் கூட எட்டுவதற்குத் தவித்த காலம் அது.

ஆக, டீசல் எஞ்சினுக்குத் தீக்குச்சியாக விளங்குவது அமுக்கப்பட்ட காற்றின் உஷ்ணமே. அந்தக் காற்று தொடக்கத்தில் குளிர்ந்திருந்தால் முடிவிலும் சற்றே குளிர்ந்திருக்கும் என்று நாம் எளிதாக நினைத்துவிடுவோம். ஆனால் நஷ்டம் அவ்வளவு சிறிதன்று. உஷ்ணத்தின் உண்மையான அடித்தளம் நாம் சைபர் என்று குறிக்கும் பனிக்கட்டியின் நிலையில் இல்லை. அதற்கும் 273 டிகிரி கீழே இருக்கிறது. அவ்வடித்தளத்திலிருந்து எண்ணினால், 20 டிகிரி வெப்பமுள்ள இதமான காலைப்பொழுது 293 ஆகும். சைபருக்குக் கீழ் 40 என்பது 233 ஆகும். அமுக்கம் என்னும் செயல் இந்த எண்ணோடு எதையும் கூட்டுவதில்லை, இதைப் பெருக்குகிறது. 1973-இல் வெளிவரத் தொடங்கி உலகெங்கும் டாக்ஸியாக உழைத்த மெர்சிடிஸ் பென்ஸ் 240டி என்னும் காரை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரில் 21 பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்திற்குள் அடக்கப்படுகிறது. இதை அமுக்க விகிதம் என்கிறோம். உஷ்ணம் சற்றும் வெளியே கசியாது என்று வைத்துக்கொண்டால், இவ்வமுக்கம் மேற்சொன்ன எண்ணை ஏறத்தாழ மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருக்கும். இதமான காலையில் புகுந்த காற்று 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கடுங்குளிரில் புகுந்த காற்றோ 515 டிகிரியோடு நின்றுவிடும். வாசலில் 60 டிகிரியாக இருந்த பற்றாக்குறை, எரிய வேண்டிய கணத்தில் 200 டிகிரியாகப் பெருகிவிட்டது.

515 டிகிரியும் போதுமே என்று வாசகர் கேட்கலாம். டீசலைச் சூடான ஒரு பாத்திரத்தில் விட்டுப் பொறுமையோடு காத்திருந்தால், 200 டிகிரிக்குச் சற்று மேலேயே அது தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. ஆனால் எஞ்சினுக்குள் அவ்வளவு அவகாசம் இல்லை. பிஸ்டன் மீண்டும் கீழே இறங்கிக் காற்று விரிந்து குளிர்வதற்கு முன், கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைந்த பொழுதில், துளி ஆவியாகிக் காற்றோடு கலந்து எரிந்தாக வேண்டும். ஆதலின் உஷ்ணம் மிகுதியாக வேண்டியிருக்கிறது. மேலும், உஷ்ணம் கசியாது என்று நாம் கொண்ட அநுமானம் கணக்கிற்காக மட்டுமே. உறைந்துகிடக்கும் இரும்புச் சுவர்கள் காற்றின் சூட்டை உறிஞ்சுகின்றன. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்திருந்தால் காற்றே கீழே நழுவிவிடுகிறது. எஞ்சின் எவ்வளவு மெதுவாகச் சுழல்கிறதோ அவ்வளவுக்கு இவ்விரண்டு திருட்டுக்கும் அவகாசம் கூடுகிறது.

பழைய டீசல் கார்களில் இத்தொல்லை அதிகமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எரிபொருளை நேரே சிலிண்டரில் பீய்ச்சாமல், அதையொட்டிய சிறியதோர் அறையில் பீய்ச்சி, அங்கே தொடங்கிய நெருப்பைச் சிலிண்டருக்குள் பாயவிடும் ஏற்பாட்டை 1909-ஆம் ஆண்டில் பிராஸ்பர் லோராஞ்சு என்னும் பொறியாளர் காப்புரிமை பெற்று நிலைநாட்டினார். முன்னறை எனப்படும் இவ்வேற்பாடு டீசலின் முரட்டுச் சப்தத்தை அடக்கி, 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260டி என்னும் டீசல் கார் தயாரிப்புக்கு வருவதற்கு உதவியது. ஆயினும் அறை கூடினால் சுவர் கூடுகிறது. சுவர் கூடினால் உஷ்ணம் இழக்கப்படும் பரப்பும் கூடுகிறது. இதை ஈடுசெய்வதற்காகவே ஒவ்வொரு முன்னறைக்குள்ளும் குளோ பிளக் என்ற ஒரு சிறு மின்சாரச் சூடேற்றி நீட்டிக்கொண்டிருக்கிறது. சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு ஒன்று எரிவதும், அது அணையும்வரை டிரைவர் பொறுத்திருப்பதும் இச்சூடேற்றி செந்நிறத் தணலாகக் கனிவதற்காகத்தான். 240டி காரின் முற்பட்ட வண்டிகளில் நான்கு குளோ பிளக்குகளும் ஒரே மின்தொடரில் கோக்கப்பட்டிருந்தமையால், ஒன்று பழுதானால் நான்கும் ஒருங்கே குளிர்ந்துபோயின. பிற்பட்டவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியே மின்சாரம் பெற்றது. இங்கே ஒரு விநோதமும் உண்டு. வெயிற்காலத்தில் இரண்டு பிளக்குகள் செத்துக் கிடந்தாலும் எஞ்சின் கிளம்பிவிடுவதால், உரிமையாளர் அக்குறையை அறியாமலே இருப்பார். முதற் பனி விழும் காலையில்தான் அது வெளிப்படும்.

எஞ்சின் கிளம்பாதபோது குறை எங்கே இருக்கிறது என்று எவ்வாறு அறிவது? பழைய டீசலின் புகைக்குழாய் இதற்கு நம்பத்தக்க சாட்சி. ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது வெண்புகை வந்தால், எரிபொருள் சிலிண்டரை அடைந்து ஆவியாகியும் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். குறை உஷ்ணத்தில் இருக்கிறது. குளோ பிளக்கையும் அமுக்கத்தையும் பார்க்க வேண்டும். எவ்வளவு சுழற்றியும் புகையே வாராவிடில் எரிபொருள் வந்து சேரவேயில்லை. தொட்டிக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட வழியை ஆராய வேண்டும். சுழற்சியே தள்ளாடுமாயின், பேட்டரியையும் எஞ்சின் எண்ணெயையும் சந்தேகிப்பது முறை.

பேட்டரி என்பது ஒரு ரசாயனச் சாலை. குளிரில் ரசாயன மாற்றங்கள் மந்தமாகின்றன. சைபருக்குக் கீழ் 18 டிகிரியில், முழு மின்னூட்டம் பெற்ற பேட்டரியும் தன் வலிமையில் ஏறக்குறைய பாதியையே தரும்; ஆதலால்தான் தயாரிப்பாளர்கள் பேட்டரியின் குளிர்கால ஆற்றலை அந்த உஷ்ணநிலையில் வைத்தே பரீட்சித்து அதன் மேல் அச்சிடுகிறார்கள். அதே வேளையில் எஞ்சின் எண்ணெய் தடித்துப் பாகாகி, சுழற்றுவதற்கு வேண்டிய பலத்தை இரட்டிப்பாக்குகிறது. எண்ணெய் டப்பாவின் மேல் 15டபிள்யூ-40 என்றோ 5டபிள்யூ-40 என்றோ காணப்படும் குறிகளில் முன்னால் உள்ள எண் குளிர்காலத்து இளக்கத்தைக் குறிக்கிறது. அது எவ்வளவு சிறிதோ அவ்வளவு கடுங்குளிரிலும் எண்ணெய் ஓடும். 15 என்ற எண்ணுள்ள எண்ணெயைச் சைபருக்குக் கீழ் 20 டிகிரியில் பரீட்சிக்கிறார்கள். 5 என்பதை 30 டிகிரியில். 0 என்பதை 35 டிகிரியில். ஆகவே நம் ஊர் லாரிகளுக்குப் பொருத்தமான 15டபிள்யூ-40 எண்ணெய், வின்னிபெக்கின் ஜனவரியில் எஞ்சினுக்குக் கட்டிய விலங்காகிவிடுகிறது.

இனி எரிபொருளுக்கு வருவோம். மார்கழி மாதத்துக் காலையில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாமல் வெண்கட்டியாக உறைந்திருப்பதையும், அதே அலமாரியில் பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் இளகியே இருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். டீசலின் கதையும் இதுவே. டீசல் ஒரே வஸ்துவன்று. கரியணுக்கள் சங்கிலியாகக் கோத்த நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளின் கலவை. அவற்றுட் சில நேர்ச்சங்கிலிகள், சில கிளைகளோடு கூடியவை, சில வளையங்கள். நேர்ச்சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படிவதற்கு ஏற்றவையாதலால், குளிர் ஏற ஏற முதலில் பிரிந்து மெழுகுப் படிகங்களாகத் திரள்வன அவையே. கிளையுள்ளவை அவ்வாறு எளிதில் அடுக்குப்படுவதில்லை.

அப்படியானால் நேர்ச்சங்கிலிகளை அடியோடு நீக்கிவிட்டாலென்ன? இங்கேதான் டீசலின் விதி அதனோடு விளையாடுகிறது. அமுக்கத்தின் சூட்டில் தயக்கமின்றிப் பற்றும் குணம் எவற்றிற்கு உண்டோ, அவையும் அதே நேர்ச்சங்கிலிகள்தாம். 16 கரியணுக்கள் நேராகக் கோத்த சீட்டேன் என்னும் பொருளை அளவுகோலாகக் கொண்டு, அதற்கு 100 என்று மதிப்பிட்டு, ஏனைய டீசல்களின் பற்றும் திறனைச் சீட்டேன் எண் என்று வழங்குகிறார்கள். அதே 16 கரியணுக்கள் கிளைகிளையாகப் பிரிந்து அமைந்த மற்றொரு பொருளுக்கு மதிப்பு 15 மாத்திரமே. ஆனால் நூறு மதிப்பெண் பெற்ற தூய சீட்டேனோ, 18 டிகிரி செல்சியஸிலேயே, அதாவது ஊட்டியின் மாலைக்குளிரிலேயே உறைந்துவிடும்! ஆகவே நன்றாகப் பற்றும் டீசல் எளிதில் உறைகிறது. உறையாத டீசல் பற்றத் தயங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே பேரம் பேசுவதுதான் சுத்திகரிப்பு ஆலைகளின் குளிர்கால வேலை. ஐரோப்பிய விதிகளில் சாதாரண டீசலுக்குக் குறைந்தபட்சச் சீட்டேன் எண் 51 என்று இருக்க, மிகக் கடுமையான ஆர்க்டிக் வகைக்கு 47 போதும் என்று தளர்த்தியிருப்பது இப்பேரத்தின் சான்று.

டீசல் எப்போது உறையும் என்பதை அறிவதற்கு மூன்று பரீட்சைகள் வழங்குகின்றன. கண்ணாடிக் குப்பியில் டீசலைச் சிறிது சிறிதாகக் குளிர்வித்து, தெளிந்த திரவத்தில் முதன்முதலாக மெழுகின் மங்கல் தோன்றும் உஷ்ணத்தைக் குறிப்பது ஒன்று. இதனை மங்கல் நிலை எனலாம். குப்பியைச் சாய்த்தாலும் அசையாதபடி திரவம் இறுகுவதற்குச் சற்று முந்திய உஷ்ணத்தைக் குறிப்பது மற்றொன்று, இது ஒழுகுநிலை. இவ்விரண்டிற்கும் இடையில் வண்டி எப்போது நிற்கும் என்பதே டிரைவருக்கு வேண்டிய செய்தி. அதற்காக மூன்றாவது பரீட்சை ஒன்றை வகுத்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 45 பங்கு அளவே கண்கொண்ட மெல்லிய கம்பிவலையின் வழியாக, 20 மில்லிலிட்டர் டீசலை இலேசான உறிஞ்சுதலால் இழுக்கிறார்கள். ஒவ்வொரு டிகிரியாகக் குளிர்வித்து, 60 விநாடிக்குள் அவ்வளவும் வலையைக் கடக்க இயலாத உஷ்ணத்தைக் கண்டுகொள்கிறார்கள். இது வடிகட்டி அடைபடும் நிலை. ஆர்க்டிக் வகை டீசலுக்கு இந்நிலை சைபருக்குக் கீழ் 44 டிகிரி வரை செல்லும்.

வடிகட்டியை நினைத்தால் டிரைவர்களைத் திகைக்க வைக்கும் மற்றொரு நிகழ்ச்சியும் விளங்கிவிடும். குளிர்ந்த காலையில் எஞ்சின் ஒழுங்காகக் கிளம்பி, வண்டி சில கிலோமீட்டர் ஓடி, நடுச்சாலையில் மூச்சடைத்து நின்றுவிடுவது உண்டு. குழாயிலும் பம்பிலும் ஏற்கனவே இருந்த டீசலின் துணையால் எஞ்சின் கிளம்பிவிட, தொட்டியிலிருந்து வந்த மெழுகுப் படிகங்கள் மெல்ல மெல்ல வடிகட்டியின் தாளில் படிந்து வழியை அடைத்துவிட்டன. நூற்றுக்கு ஓரிரு பங்கு மெழுகு திரண்டாலே இதற்குப் போதும். சந்தையில் விற்கும் குளிர்கால மருந்துகள் மெழுகு திரள்வதைத் தடுப்பவை அல்ல. திரளும் படிகங்களைச் சிறியனவாக வைத்து, வடிகட்டியின் கண்களைக் கடக்கச் செய்பவை. ஆகையால் மெழுகு திரளுமுன் கலந்தால் பயன்படும், உறைந்த பின் ஊற்றினால் வீண். பழைய கார்களின் கையேடுகள் சில, டீசலோடு ஓரளவு மண்ணெண்ணெய் கலக்க அனுமதித்தன. அது மெழுகைத் தள்ளிப்போடும். ஆயினும் எரிபொருள் பம்பு தான் செலுத்தும் டீசலாலேயே மசகிடப்படுவதாகையால், வறண்ட தன்மையுள்ள மண்ணெண்ணெயை அளவு மீறிச் சேர்த்தால் பம்பு தேய்ந்துவிடும். நம் நாட்டிலும் இப்பிரச்சினை இல்லாமல் இல்லை. லடாக்கின் உயரமான பகுதிகளுக்கென்று, சைபருக்குக் கீழ் 33 டிகிரி ஒழுகுநிலையுள்ள குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ஆம் ஆண்டு நவம்பரில் அறிமுகப்படுத்தியது.

இனி, காரின் முகப்பில் தொங்கும் மின்கம்பியின் ரகசியம் எளிது. அது பிளாக் ஹீட்டர் என்னும் சூடேற்றியின் கம்பி. எஞ்சினின் இரும்பு உடலுக்குள் சுற்றிவரும் குளிர்விப்புத் திரவத்தைச் சில நூறு வாட் மின்சாரத்தால் அது வெதுவெதுப்பாக வைக்கிறது. அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரீமன் இதற்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். எஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட் ஒன்றைக் குடைந்து, அதற்குள் சூடேற்றும் கம்பியை வைத்தது அவருடைய உபாயம். சிலிண்டரின் சுவர் வெதுவெதுப்பானால், அமுக்கிய காற்றின் உஷ்ணம் களவு போவது குறைகிறது. அருகிலுள்ள எண்ணெய் இளகுகிறது. பேட்டரியின் சுமை தணிகிறது. இரவெல்லாம் எரியவிட வேண்டிய அவசியமும் இல்லை; கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு தொடங்கும்படி டைமர் வைத்தால் போதும்.

அந்தக் குளிர்விப்புத் திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் சைபரில் உறையும். அதனோடு கலக்கும் எத்திலீன் கிளைக்கால் தனியே இருந்தால் சைபருக்குக் கீழ் 13 டிகிரியில் உறையும். இரண்டையும் சரிபாதி கலந்தாலோ 37 டிகிரி வரை உறையாது. ஒன்றன் மூலக்கூறு மற்றொன்று படிகமாக ஒழுங்குபடுவதைக் கெடுப்பதே இதன் காரணம். ஆகையால் மருந்து அதிகமானால் பலன் அதிகம் என்று எண்ணி முழுக்கவும் கிளைக்காலையே ஊற்றுபவர் தமக்கே கேடு செய்துகொள்வார்.

கிளம்பிய பிறகும் டீசல் எஞ்சின் எளிதில் சூடேறாது. நின்ற நிலையில் ஓடும்போது அது துளித்துளியாக எரிபொருளைச் செலவிட்டுக்கொண்டு, காற்றை மட்டும் தடையின்றி உள்ளிழுக்கிறது. ருடால்ப் டீசல் நாடிய சிக்கனமே, தன்னைச் சூடாக்கிக்கொள்ளப் போதிய வீண் உஷ்ணம் இல்லாத நிலையை உண்டாக்குகிறது. அரை மணி நேரம் நிறுத்தி ஓடவிடுவதைக் காட்டிலும், எண்ணெய் எல்லா இடங்களுக்கும் பரவச் சில நிமிடம் பொறுத்து, ரேடியேட்டரின் முன் ஓர் அட்டையை வைத்து மறைத்து, மெதுவாக ஓட்டிச் செல்வதே சிறந்த முறை. கிளம்பும்போது கிளச்சை மிதித்துக்கொண்டால், கியர்ப்பெட்டியில் இறுகிய எண்ணெயைச் சுழற்றும் வீண்சுமையும் ஸ்டார்ட்டருக்கு மிச்சமாகும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், பற்றாமை, உறைவு, சூடேறாமை எனக் குளிரில் டீசலுக்கு நேரும் மூன்று இடர்களும் அதன் மூன்று சிறப்புகளிலிருந்தே பிறந்தவை என்பது புலனாகும்: பொறியை நாடாத சுயேச்சை, உடனே பற்றும் எரிபொருள், உஷ்ணத்தை வீணாக்காத சிக்கனம். ஆகவே குளிர்நாட்டில் பழைய டீசல் கார் வைத்திருப்போர் அக்டோபர் மாதத்திலேயே குளோ பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பரீட்சித்து, அமுக்கம் குறையாதபடி வால்வு இடைவெளியைச் சரிசெய்து, மெல்லிய எண்ணெய்க்கு மாற்றி, எரிபொருள் வடிகட்டியைப் புதுப்பித்து, அடியில் தங்கிய நீரை வடித்து, தொட்டியில் கோடைக்கால டீசல் மிஞ்சாதபடி குளிர்கால டீசலை நிரப்பிவிட வேண்டும். தொட்டியை எப்போதும் நிறைத்து வைத்தால், ஈரம் படிந்து பனிக்கட்டியாகும் இடமும் குறையும். அவசரத்தில் எஞ்சினைக் கிளப்புவதற்காக, எளிதில் தீப்பற்றும் ஈதரைக் காற்று புகும் வழியில் தெளிப்பது அபாயம்; தணலாயிருக்கும் குளோ பிளக்கில் அது காலத்திற்கு முன்பே வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடக் கூடும். உறைந்த தொட்டியின் அடியில் தீ மூட்டுவதை எக்காரணத்தாலும் செய்யாதீர்கள். வண்டியை வெதுவெதுப்பான கொட்டகைக்குள் தள்ளிச் சென்று சில மணி நேரம் காத்திருங்கள். மெழுகு தானே கரைந்துவிடும்.